கான்கூனில் ஓசிச் சாப்பாடு: 4,745 டாலர்

இதை ஒரு வருஷத்துக்கு மேல் வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம்தான். பதிமூன்று வருஷமாக டெக்சஸில் குடித்தனம், ஐடி வேலை, அதற்கும் மேலே கோயமுத்தூர்க்காரி. உக்கடம் மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்கு அஞ்சு ரூபாய் குறைத்து வாங்கிய பரம்பரை. நான் போய் மெக்சிகோவில் ஒரு வெள்ளைச் சட்டைக்காரரிடம் மாட்டி, டைம்ஷேருக்கு, அதாவது ஒரு ரிசார்ட்டில் வருஷா வருஷம் சில நாள் தங்கும் உரிமைக்கு, 14,500 டாலருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? போன வாரம் ஒரு தோழி ஸ்பிரிங் பிரேக்குக்குக் கான்கூன் போவதாகச் சொன்னாள். அவளைப் போனில் பிடித்து உட்கார வைத்து ஒன்றரை மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு அப்போது இதைச் சொல்ல ஒருத்தரும் இல்லை.

2023 ஜூன். வீட்டுக்காரரும் பையனும் கோடை லீவுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். எனக்கு அந்த வருஷம் மிச்சம் இருந்தது அஞ்சே நாள் லீவு. அஞ்சு நாளில் கோயமுத்தூர் போய்த் திரும்ப முடியாது. ஆபீஸில் கூட வேலை செய்யும் இரண்டு அமெரிக்கப் பெண்கள் கான்கூனுக்கு ரூம் போட்டிருந்தார்கள், என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். கிளம்ப நாலு நாள் இருக்கும்போது ஒருத்திக்குக் கோவிட். இன்னொருத்தி அவளுக்குத் துணையாக நின்றுவிட்டாள். எனக்கு மட்டும் கட்டிய 1,480 டாலர் திரும்பி வராத டிக்கெட். சரி, போய்த்தான் பார்ப்போம் என்று தனியாகவே கிளம்பிவிட்டேன்.

இங்கே உள்ளவர்கள் விடுமுறை எடுக்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் விழுந்த குழி எங்கே வெட்டப்பட்டது என்று புரியாது. நம்மைப் போல ஒரு மாதம் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போகிற வழக்கம் அமெரிக்கர்களுக்குக் கிடையாது. சம்பளத்தோடு லீவு தந்தே ஆக வேண்டும் என்று மத்திய அரசுச் சட்டம் எதுவும் இங்கே இல்லை. ஐரோப்பிய யூனியனில் வருஷத்துக்கு நாலு வாரமாவது சட்டப்படி உண்டு. இங்கே கம்பெனி மனசு வைத்துக் கொடுக்கும் பத்துப் பன்னிரண்டு நாளைத்தான் மெமோரியல் டே, லேபர் டே என்று வருகிற திங்கட்கிழமைகளோடு ஒட்டவைத்து, நாலு நாள், அஞ்சு நாள் என்று துண்டு துண்டாக எடுப்பார்கள். அதிலும் பாதிப் பேர் கொஞ்சத்தை எடுக்காமலே விட்டுவிட்டு, அதைப் பெருமையாகவும் சொல்வார்கள். அந்த அஞ்சு நாளில் ஒரு மணி நேரம்கூட வீணாகக் கூடாது. ரொம்ப தூரம் பறக்கக் கூடாது, எங்கே சாப்பிடுவது என்று யோசிக்கக் கூடாது, பர்ஸைத் திறக்கக் கூடாது. அதற்கென்றே செய்து வைத்த மாதிரி இருக்கிறது கான்கூன். டல்லாஸிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் விமானம். சாப்பாடு, குடி, நீச்சல்குளம், பாட்டுக் கச்சேரி எல்லாம் அடங்கிய ரிசார்ட். கையில் ஒரு பிளாஸ்டிக் பட்டையை மாட்டிவிட்டால் ஊருக்குத் திரும்பும்வரை எதற்கும் காசு கேட்க மாட்டார்கள்.

கான்கூன் தானாக வளர்ந்த ஊரே இல்லை. 1970 வாக்கில் மெக்சிகோ அரசு திட்டம் போட்டு, கிட்டத்தட்ட ஆளே இல்லாத மணல் திட்டில் ஓட்டல்களுக்கென்றே கட்டிய ஊர். ஒரு பக்கம் கரீபியன் கடல், மறுபக்கம் நிச்சுப்தே காயல், நடுவில் ஏழு என்கிற எண்ணின் வடிவத்தில் நீண்டு கிடக்கும் ஓட்டல் பகுதி. கான்கூன் இருக்கிற மாநிலம் 2015-ல் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டது, சுற்றுலாக்காரர்களுக்குச் சாயங்கால வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று. விருந்தாளியின் சௌகரியத்துக்காக நேரத்தையே மாற்றுகிறவர்கள் விருந்தாளியை எவ்வளவு உன்னிப்பாகக் கவனித்திருப்பார்கள்? இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

விமான நிலையத்தில் நான் மாட்டவில்லை. அதில் ஒரு கர்வம் வேறு. சுங்கம் தாண்டி வாசலுக்கு வருகிற வழியில் இரண்டு பக்கமும் சீருடை, அடையாள அட்டையோடு ஆட்கள் நிற்பார்கள். “மேடம், உங்க வண்டி எங்க நிக்குது, ஓட்டல் பேர் என்ன” என்று ஏதோ அரசாங்க ஊழியர் மாதிரி கேட்பார்கள். அத்தனையும் டைம்ஷேர் விற்கிறவர்கள். அந்த இடத்துக்குப் பயணிகள் வைத்திருக்கும் பெயரே சுறாத் தொட்டி. இதையெல்லாம் படித்துவிட்டுப் போயிருந்தேன். தலையைக் குனிந்துகொண்டு நேரே வெளியே வந்து, முன்பதிவு செய்த வண்டியில் ஏறிவிட்டேன். ஆள் பார்த்து ஏமாத்துங்கடா என்று மனசுக்குள் ஒரு சிரிப்பு.

மாட்டியது எங்கே தெரியுமா? நான் தங்கிய ஓட்டலின் லாபியில். ரூம் சாவி வாங்கியதும், “உங்க பட்டையை அந்த மேஜைல மாட்டிக்கங்க” என்று கைகாட்டினார்கள். அங்கே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வரைபடத்தை விரித்து, எந்த உணவகம் எத்தனை மணிக்குத் திறக்கும், கடற்பாசி இல்லாத கரை எது என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். ஓட்டல்காரர் என்றே நினைத்தேன். எங்கிருந்து வருகிறீர்கள், என்ன வேலை, வருஷத்துக்கு எத்தனை தடவை வெளியே போவீர்கள் என்று கேட்டார். நானும் வாயெல்லாம் பல்லாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கோயமுத்தூரில் இருந்தவரைக்கும் தெரியாத ஆள் வழியில் நிறுத்திப் பேசினால் காதில் விழாத மாதிரி போயிருப்பேன். டெக்சஸ் வந்துதான் லிஃப்டில் நிற்கிறவரிடம்கூடச் சிரித்து நலம் விசாரிக்கப் பழகினேன். அமெரிக்கர்களுக்கு அது பிறவிக் குணம். கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் போவது மரியாதைக் குறைவு அவர்களுக்கு. அந்த மேஜையை அங்கே போட்டவருக்கு அது நன்றாகத் தெரியும். கடைசியில்தான் விஷயம் வந்தது. நாளைக்குக் காலையில் எங்கள் புதுக் கட்டடத்தில் சாப்பாடு, தொண்ணூறு நிமிஷம் சுற்றிக் காட்டுவோம், அதற்குப் பரிசாக மறுநாள் சிச்சென் இட்சா என்கிற பழைய மாயா நகரத்துக்குப் பயணம் இலவசம், வருவீர்கள் என்பதற்கு 40 டாலர் முன்பணம், வந்ததும் திருப்பித் தருவோம். 95 டாலர் பயணம் சும்மா கிடைக்கிறது என்று 40 டாலரை எடுத்து நீட்டிவிட்டேன்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். லாபியில் ரூம் சாவி கொடுக்கிற கவுன்ட்டரைத் தவிர வேறு எந்த மேஜையில் இருப்பவரும், எந்தச் சட்டை போட்டிருந்தாலும், ஓட்டல் ஊழியர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பட்டை மாட்டவோ துண்டு வாங்கவோ வேறு மேஜைக்குப் போகச் சொன்னால், வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். காலைச் சாப்பாடு, இலவசப் பயணம், தொண்ணூறு நிமிஷம் என்ற மூன்றும் ஒரே மூச்சில் வந்தால் அது டைம்ஷேர்தான். அந்தச் சொல்லையே இப்போது யாரும் வாயில் எடுப்பதில்லை. கிளப், மெம்பர்ஷிப் என்றுதான் சொல்வார்கள்.

ஜூன் 12, திங்கட்கிழமை காலை எட்டரைக்குப் போனேன். சாப்பாடு பிரமாதம், பொய் சொல்லக் கூடாது. நான் சைவம் என்றதும் என்னோடு உட்கார்ந்தவர் எழுந்து சமையலறைக்கே போய், பீன்ஸில் பன்றிக் கொழுப்பு போட்டிருக்கிறார்களா என்று கேட்டு வந்து சொன்னார். (மெக்சிகோ போகும் சைவக்காரர்கள் கவனிக்க: மசித்த பீன்ஸில் மான்டேக்கா என்கிற பன்றிக் கொழுப்பு பெரும்பாலும் இருக்கும், சோற்றைக் கோழிச் சாற்றில் வேக வைப்பதும் உண்டு. ‘சின் மான்டேக்கா’ என்று கேட்டு வாங்குங்கள்.) எனக்காக எழுந்து போய்க் கேட்டாரே என்று மனசு இளகிப் போனது. அதற்கப்புறம் அவர் கேட்டதற்கெல்லாம் மறுத்துப் பேச நாக்கு வரவில்லை.

அப்புறம் ரூம்களைச் சுற்றிக் காட்டினார்கள். பால்கனியில் குட்டி நீச்சல்குளம், பளிங்குத் தொட்டி. திரும்பி வந்து ஒரு பெரிய கூடத்தில் வட்ட மேஜை. முப்பது மேஜையாவது இருக்கும், எல்லாவற்றிலும் அமெரிக்க, கனடாத் தம்பதிகள். தனியாக இருந்தது நானும் இன்னொரு அம்மாவும்தான். எனக்கெதிரே உட்கார்ந்தவர் வெற்றுத் தாளை எடுத்து, எனக்கு நேராகத் தெரிகிற மாதிரி எழுத்துக்களைத் தலைகீழாக எழுத ஆரம்பித்தார். அவருக்குத் தலைகீழ், எனக்கு நேர். என்ன பழக்கம் பாருங்கள்! எத்தனை ஆயிரம் தாள் எழுதினால் அது கைவரும்? வருஷத்துக்கு விடுமுறைக்கு எவ்வளவு செலவு என்றார். 3,000 என்றேன். இன்னும் எத்தனை வருஷம் சுற்றுவீர்கள் என்றார். இருபது என்றேன். 60,000 என்று எழுதி இரண்டு கோடு போட்டு, “இவ்வளவும் வாடகையாப் போகுது, கடைசில உங்க கைல ஒண்ணும் நிக்காது” என்றார். எல்லாம் நான் சொன்ன எண்கள்தான், அதனால் தப்பென்று சொல்ல வழியில்லை. போன வருஷம் எத்தனை லீவு எடுக்காமல் விட்டீர்கள் என்றும் கேட்டார். நாலு என்றேன். அதையும் எழுதி வட்டம் போட்டார். அந்த வட்டத்தைப் பார்த்ததும் எனக்கு ஏனோ அழுகை முட்டியது. பையனோடு எங்கும் போகாமல் விட்ட நாலு நாள் அது.

முதல் விலை 58,000. சிரித்துவிட்டேன். அவர் எழுந்து போய் இன்னொருவரை அழைத்து வந்தார். அவர் 34,000 என்றார். அவரும் போய் மேனேஜர் என்று ஒரு பெண்மணி வந்தார், 21,000. நடுநடுவே பக்கத்து மேஜையில் ஷாம்பெயின் பாட்டிலின் மூடி வெடிக்கும், கூடமே கைதட்டும், யாரோ வாங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். மணி ஒன்றாகிவிட்டது. தொண்ணூறு நிமிஷம் நாலரை மணி நேரமாகியிருந்தது. வைஃபை இல்லை. எழுந்து போக யாரும் தடுக்கவில்லை, அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அமெரிக்கர்கள் பேச்சுக்கு நடுவில் எழுந்து போவதில்லை, நானும் போகவில்லை. 14,500-க்கு இறங்கியபோது, இந்த விலை இன்றைக்கு மட்டும்தான் என்றார்கள். முப்பது சதவீதம் முன்பணம் 4,350, எழுத்துக் கூலி மாதிரி ஒரு 395, மீதி 10,150 மாதத் தவணை. அதற்கு மேல் வருஷா வருஷம் பராமரிப்புத் தொகை 780 டாலர். இந்தக் கடைசி எண்ணைக் கார்டு தேய்த்த பிறகுதான் சொன்னார்கள்.

ஏன் கையெழுத்துப் போட்டேன்? இதை எனக்கு நானே பல ராத்திரி கேட்டுக்கொண்டாயிற்று. களைப்பு ஒன்று. இன்னொன்று, இந்த நாட்டில் இருந்து பழகியதில் எதை வாங்கினாலும் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ரத்தத்தில் ஊறிப் போயிருந்தது. காஸ்ட்கோ கடையில் மெத்தையைக்கூடத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். எங்கே பார்த்தாலும் ‘இங்கே இனிஷியல் போடுங்க’ என்று காட்டுவார்கள், படிக்காமல் போடுவோம். வீடு வாங்கியபோதே நூறு பக்கத்துக்குப் போட்டிருக்கிறேன். கடைசியாகச் சின்ன அறைக்குக் கூட்டிப்போய் ஒரு இளைஞர் தாள்களைத் திருப்பத் திருப்பப் பதினாலு இடத்தில் இனிஷியல் போட்டேன். அதில் ஒரு தாளில், விற்றவர் வாய்மொழியாகச் சொன்ன எதையும் நம்பி வாங்கவில்லை, இதை முதலீடாக நினைக்கவில்லை, மறுவிற்பனைக்கோ வாடகைக்கோ உறுதி எதுவும் தரப்படவில்லை என்று வரிசையாக இருந்தது. அதாவது, காலையிலிருந்து அவர்கள் சொன்ன ஒவ்வொன்றையும் சொல்லவே இல்லை என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். யாராவது அந்தக் கூடத்துக்குப் போயே தீருவேன் என்று அடம்பிடித்தால், கிரெடிட் கார்டை ரூம் லாக்கரில் வைத்துவிட்டுப் போங்கள். அடையாள அட்டைக்கு ஓட்டுநர் உரிமம் போதும். கார்டு இல்லாமல் வந்தால் பரிசு கிடையாது என்றால், பரிசே வேண்டாம்.

அன்றைக்குச் சாயங்காலம் கடற்கரைக்குப் போனேன். அந்த மாதம் சர்காசம் என்கிற பழுப்புக் கடற்பாசி மலை மலையாக ஒதுங்கியிருந்தது. அழுகின முட்டை நாற்றம். விடிவதற்குள் ஆட்கள் கவைக்கோலால் வாரி வண்டியில் ஏற்றிவிடுவார்கள், விருந்தாளிகள் போட்டோ எடுக்கும் நேரத்துக்கு மணல் வெள்ளையாக இருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் மறுபடி வந்துவிடும். ஊரில் அப்போது விடியற்காலை. பத்தரை மணி நேர வித்தியாசம். வீட்டுக்காரர் போனில், “என்ன, ஜாலியா இருக்கியா?” என்று கேட்டார். “நல்லா இருக்குங்க” என்றேன். கல்யாணமாகி பதினாறு வருஷத்தில் அவரிடம் நான் மறைத்த பெரிய விஷயம் அதுதான்.

மறுநாள் அந்த ‘இலவச’ சிச்சென் இட்சா. காலை ஏழு மணிக்குப் பஸ், இருநூறு கிலோமீட்டர். நுழைவுக் கட்டணம் தனி என்று பஸ்ஸிலேயே 35 டாலர் ரொக்கமாக வாங்கிக்கொண்டார்கள். அதற்குமேல் வாய் திறக்கத் தெம்பில்லை. ஆனால் அந்தப் பிரமிடு இருக்கிறதே, அதைப் பார்த்த அரைமணி நேரம் மட்டும் எல்லாம் மறந்து போனது. ஒவ்வொரு பக்கமும் 91 படி, நாலு பக்கமும் மேலே உள்ள மேடையும் சேர்ந்து 365. வழிகாட்டி படிக்கட்டுக்கு முன்னால் நின்று ஓங்கிக் கைதட்டினார். எதிரொலி, கைதட்டலாகத் திரும்பவில்லை, ஒரு பறவை கீச்சிடுகிற மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. கெட்சால் பறவையின் குரல் என்றார். உடனே பஸ்ஸில் வந்த நாற்பது அமெரிக்கர்களும் வெயிலில் நின்று குழந்தைகளைப் போலக் கைதட்டித் தீர்த்தார்கள். அவர்களிடம் எனக்குப் பிடித்த குணம் இது. வெட்கப்படாமல் சந்தோஷப்படுவார்கள்.

திரும்பும்போது பக்கத்து சீட்டில் ஒஹையோவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி. வருஷா வருஷம் இதே வாரம், இதே ரிசார்ட், முடிந்தால் இதே ரூம். பரிமாறுகிறவர்களின் பிள்ளைகள் எத்தனாவது படிக்கிறார்கள் என்பதுவரை தெரிந்திருந்தது. புது ஊர் தேடி அலைவதைவிடத் தெரிந்த இடத்துக்கே திரும்பிப் போவது நிறைய அமெரிக்கர்களுக்குப் பிடிக்கும், அந்த மாதிரி ஆட்களுக்கு டைம்ஷேர் ஒத்துக்கூடப் போகலாம். இவர்கள் 2009-ல் வாங்கினார்களாம். நான் மென்று விழுங்கிக்கொண்டு, நேற்று நானும் வாங்கினேன் என்றேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “உனக்கு அது வேணுமாம்மா?” என்று கேட்டார். நான் பேசவில்லை. “அப்படின்னா அஞ்சு வேலை நாள் இருக்கு, ரத்து பண்ணிடலாம். அவங்க சொல்லியிருக்க மாட்டாங்களே” என்றார்.

ராத்திரி ரூமில் கட்டில் முழுக்கத் தாள்களைப் பரப்பிப் படித்தேன். ஸ்பானிஷ் பிரதியில் பதினோராம் பக்கத்தில், எறும்பு எழுத்தில், இருந்தது. மெக்சிகோவில் டைம்ஷேருக்கென்று ஒரு விதிமுறை உண்டு, நோம்-029 என்று பெயர். கையெழுத்திட்டதிலிருந்து அஞ்சு வேலை நாளுக்குள் காரணம் சொல்லாமல், அபராதம் இல்லாமல் ரத்து செய்யலாம். ஒப்பந்தத்தில் வேறு எங்காவது ‘ரத்து செய்ய முடியாது’ என்று இனிஷியல் வாங்கியிருந்தாலும் இந்த உரிமை போகாது. யாரிடமும் கெஞ்ச வேண்டியதும் இல்லை, எழுத்தில் தெரிவித்தால் போதும்.

ஆனால் தெரிவிக்கிற வேலை இருக்கிறதே! புதன்கிழமை காலை விற்பனைக் கூடத்துக்குப் போனேன். முந்தாநாள் என்னைக் கட்டிப்பிடித்து வழியனுப்பிய மேனேஜரம்மா அன்றைக்கு விடுமுறையாம். அவர் வந்தால்தான் வாங்குவோம் என்று மூன்று மணி நேரம் சோபாவில் உட்கார வைத்தார்கள். நடுவில் வேறொருவர் வந்து 9,000-க்கு முடித்துத் தருகிறேன் என்று மறுபடி தாளைத் தலைகீழாக எழுத ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்குக் கோயமுத்தூர் திரும்பி வந்தது. எழுந்து, டாக்ஸி பிடித்து, ஓட்டல் பகுதியைத் தாண்டி நகருக்குள் போனேன். (போக வர 64 டாலர். ஆர்-1, ஆர்-2 என்று டவுன் பஸ் சில பெசோவில் போகும் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அமெரிக்க விருந்தாளிகளில் அதில் ஏறுகிறவர்கள் குறைவு, ரிசார்ட் வாசலைத் தாண்டினாலே ஆபத்து என்ற நினைப்பு பாதிப் பேருக்கு.) பப்பெலெரியா என்று போட்டிருந்த ஸ்டேஷனரிக் கடையில் கடிதத்தை ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் அச்சடித்தேன். ஒப்பந்த எண், கையெழுத்திட்ட தேதி, அஞ்சு வேலை நாளுக்குள் ரத்து செய்கிறேன், கட்டிய பணத்தை அதே கார்டுக்குத் திருப்புங்கள், அவ்வளவுதான். கதை எழுதாதீர்கள், கோபத்தையும் எழுதாதீர்கள். ஒப்பந்தத்தில் இருந்த எல்லா மின்னஞ்சல் முகவரிக்கும் அனுப்பினேன், ஒரு பிரதியைக் கையெழுத்து வாங்கும் கூரியரில் போட்டேன், 58 டாலர். இன்னொரு பிரதியை எடுத்துப்போய்க் கூடத்தில் இருந்த பெண்ணிடம் நீட்டினேன். முத்திரை குத்தித் தர மறுத்தாள். அவள் மேஜையில் கடிதம் கிடக்கிற மாதிரி, சுவரில் கடிகாரம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டேன். கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விமானம் ஏறினால் மனசும் ஆறிவிடும், நாளும் தீர்ந்துவிடும். அஞ்சு நாள் விடுமுறைக்கு வருகிறவனுக்கு அஞ்சு நாள் ரத்து உரிமை. பெரும்பாலானவர்கள் ஒப்பந்தப் பையைத் திறந்து பார்ப்பதே ஊர் திரும்பிய பிறகுதான்.

டெக்சஸ் திரும்பியதும் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. எங்கம்மாதான் போனைப் பிடுங்கி, “ஏங்கண்ணு, சும்மா குடுக்கறேன்னு சொன்னா, எதுக்குக் குடுக்கறேன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டயா?” என்றார். பதினஞ்சு நாளில் பணம் வரும் என்று ஒப்பந்தம் சொன்னது, வரவில்லை. ரத்து கிடைத்தது என்றோ கிடைக்கவில்லை என்றோ ஒரு பதிலும் இல்லை. கிரெடிட் கார்டு வங்கியில் எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுத்தேன். அமெரிக்கக் கார்டு என்றால் பில் வந்து 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும், சட்டம் அப்படி. டெபிட் கார்டில் கட்டியிருந்தால் இந்தப் பிடிமானம் இருக்காது. கூடவே மெக்சிகோவின் நுகர்வோர் அமைப்பான புரோஃபெகோவுக்கு மின்னஞ்சலில் புகார். வெளிநாட்டுக்காரர்களும் கொடுக்கலாம், வக்கீல் வேண்டாம். ஏதாவது ஒரு ‘ரத்து செய்து தரும் கம்பெனி’க்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள், அது இரண்டாவது குழி.

ஆகஸ்ட் கடைசியில் 4,350 திரும்பி வந்தது. 395 வரவில்லை. ரசீது டாலரில் இருந்தாலும் கடை வெளிநாட்டில் என்பதால் வங்கி மூன்று சதவீதம், 142 டாலர் பிடித்திருந்தது, அதுவும் போனது போனதுதான். (வெளிநாட்டுக் கட்டணம் இல்லாத கார்டுகள் இருக்கின்றன, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.) டாக்ஸி, கூரியர், திரும்பி வராத 40 டாலர் முன்பணம் எல்லாம் சேர்த்தால் 700 டாலருக்கு ஒரு டாலர் குறைவு. அஞ்சு நாளில் இரண்டு நாள் அந்தக் கூடத்துக்கே போய்விட்டது. கடலில் கால் நனைத்தது ஒரே ஒரு தடவை, அதுவும் பாசிக்கு நடுவில்.

முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வருஷம் பிப்ரவரியில் ஒரு போன். சுத்தமான அமெரிக்க உச்சரிப்பு. உங்கள் கான்கூன் மெம்பர்ஷிப்பை 31,000 டாலருக்கு வாங்க ஒரு மெக்சிகோ கம்பெனி தயார், வரியாக 1,900 மட்டும் முன்னால் கட்டினால் போதும் என்றார் அந்த மனிதர். நான் ரத்து செய்துவிட்ட மெம்பர்ஷிப்! என் பெயர், ஒப்பந்த எண், தேதி எல்லாம் அவரிடம் இருந்தது. பேசாமல் வைத்துவிட்டேன். அந்த ஜூலையில் அமெரிக்க நிதித்துறையும் எஃப்பிஐயும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை வெளியிட்டபோதுதான் வயிற்றைக் கலக்கியது. மெக்சிகோவில் டைம்ஷேர் வைத்திருக்கும் அமெரிக்கர்களை, குறிப்பாக வயதானவர்களை, இப்படி மறுவிற்பனை, வரி என்று சொல்லி ஏமாற்றுகிறவர்களுக்குப் பின்னால் ஹலிஸ்கோ போதைக் கும்பலும் இருக்கிறதாம். ஒஹையோ அம்மாவின் நம்பர் வாங்கி வைத்திருந்தேன். அன்றைக்கே கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்கும் ஏற்கெனவே இரண்டு தடவை போன் வந்திருந்ததாம். இரண்டாவது ஆளிடம் அரைமணி நேரம் பேசினாராம், “பாவம், ரொம்ப மரியாதையான பையன்” என்றார். பணம் கட்டினீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை.